ஊர் நூலகத்தில் குட்டிப் பிள்ளைகளுக்குக் கதை நேரம்: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் நடத்திய முதல் கதை நேரத்துக்கு வைத்த பொருள் விண்வெளி. சார்ட் பேப்பரில் ராக்கெட் வெட்டி, ஜிகினாத் தாளில் நட்சத்திரம் ஒட்டி, இரண்டு ராத்திரி கண்விழித்துச் செய்த ஏற்பாடு. பதினொரு பிள்ளைகள் வந்திருந்தார்கள். ராக்கெட் கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, நூலகத்துக்கு வெளியே ஒரு மினி லாரியில் சக்கை, அதாவது பலாப்பழம், வந்து நின்றது. வாசனை உள்ளே வந்தது, பிள்ளைகள் வெளியே போனார்கள். நாலு வயதுக்காரி ஒருத்தி மட்டும் திரும்பி வந்து, "மாமி, எங்க வீட்டுல உள்ளது வருக்கச் சக்க. இது கூழஞ்சக்க" என்று எனக்கு விளக்கிவிட்டு மறுபடி ஓடினாள்.

அடுத்த முறை பொருள் சக்கை. ஒரு பிள்ளையும் எழுந்து போகவில்லை.

இந்த வழிகாட்டியில் வரும் மற்ற எல்லாமே அன்று கற்றதிலிருந்து கிளைத்தவைதான். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு, கையும் மூக்கும் நாக்கும் ஏற்கெனவே அறிந்த ஒன்றைப் பொருளாக வையுங்கள். விண்வெளிக்கு அவர்கள் பிறகு போய்க்கொள்வார்கள். பொருள் என்றதும் பாடத்தலைப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அன்றைய கதை, பாட்டு, விளையாட்டு, கைவேலை நான்கையும் கோக்கிற நார் அது. தோவாளையில் கட்டிய மாலையில் பூதான் கண்ணுக்குத் தெரியும், நார் தெரியாது. அப்படி இருந்தால் போதும்.

முதலில் நூலகரிடம்

நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அதற்குக் கீழே கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள். உங்களுக்கு வாய்க்கப்போவது பெரும்பாலும் ஒற்றை அறை ஊர்ப்புற நூலகம்தான். அங்கே கதவைத் திறப்பது, நாளிதழை விரித்து வைப்பது, பதிவேடு எழுதுவது, பூட்டுவது எல்லாம் ஒரே ஆள். "பிள்ளைகளுக்குக் கதை சொல்லலாமா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் அவர் தயங்குவார், அதில் நியாயமும் உண்டு. சத்தம் வரும், புத்தகம் கிழியும், பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு என்ற பயம் இருக்கும். இந்த மூன்றுக்கும் பதிலோடு போங்கள்: நாளிதழ் வாசிப்பவர்கள் குறைவாக இருக்கும் நேரமாகப் பார்த்து வைப்போம், கிழிந்ததை நாங்களே ஒட்டுவோம், எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருப்போம்.

நூலகத்தில் வாசகர் வட்டம் இயங்கினால் அதன் பெயரிலேயே நடத்துவது எளிது. அனுமதி, அறிவிப்பு, சில்லறைச் செலவு எல்லாம் அவர்கள் வழியாக நடக்கும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்கிறது. அந்த அறை நம் காசில்தான் நடக்கிறது. இதை நூலகரிடம் உரிமைக்குரலில் சொல்லாதீர்கள், கூச்சப்பட்டு வாசலில் நிற்கும் அம்மாக்களிடம் சொல்லுங்கள். அண்டியாபீசிலிருந்து, அதாவது முந்திரி ஆலையிலிருந்து, நேராக வரும் அம்மா, "உள்ள வரலாமா?" என்று கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நாளும் நேரமும்

கிளை நூலகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனியும் விடுமுறை. அதனால் முதல் சனி, மூன்றாம் சனி என்று மாதம் இரண்டு முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் குழப்பம் வராது. வாராவாரம் என்று ஆரம்பிக்காதீர்கள். நாலாவது வாரத்திலேயே உங்களுக்கு மூச்சு வாங்கும்.

நேரத்தை ஊரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கடற்கரை ஊர்களில் ஞாயிறு காலை பூசையும் மறைக்கல்வியும் இருக்கும், யாரும் வர மாட்டார்கள். மலையோர ரப்பர் ஊர்களில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்து, பால் எடுத்து முடித்துவிட்டு முற்பகலில்தான் வீடு திரும்புவார்கள். அங்கே சாயங்காலம் 4 மணி சரிப்படும். நாஞ்சில்நாட்டுப் பக்கம் காலை 10.30 நன்றாகவே போகிறது.

பன்னிரண்டு பிள்ளைகள், மிஞ்சினால் பதினைந்து. அதற்கு மேல் வந்தால் பின்வரிசைக்குப் படம் தெரியாது, படம் தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு வரும் பெரிய பிள்ளைகளை விரட்ட வேண்டாம், வேலை கொடுங்கள். பசை கலக்குவது, பெயர் எழுதுவது, செருப்பு அடுக்குவது. அவர்கள்தான் ஒரு வருடத்தில் உங்களுக்குப் பதில் கதை சொல்லப்போகிறவர்கள்.

இடத்துக்கு ஒரு பாய் போதும். பிள்ளைகளின் முகம் சுவரைப் பார்த்து இருக்கட்டும், வாசலையோ ஜன்னலையோ பார்த்து வேண்டாம். சக்கை வண்டி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்! நீங்கள் உட்காருவது ஒரு முக்காலியில். நாற்காலியில் உட்கார்ந்தால் புத்தகம் அவர்கள் தலைக்கு மேலே போய்விடும். இன்னொன்று, உங்களை டீச்சர் என்று கூப்பிட விடாதீர்கள். மாமி, மாமா, அக்கா, அண்ணன், எதுவும் சரி. டீச்சர் என்றதும் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்துவிடுவார்கள்.

புத்தகம் தேர்ந்தெடுப்பது

பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, மூன்றடி தள்ளி இருந்தாலும் தெரிகிற படம், திரும்பத் திரும்ப வருகிற ஒரு வாக்கியம். இந்த மூன்றும் இருந்தால் எடுங்கள். நூலக அலமாரியில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட சிறுவர் நூல்கள் கிடைக்க வாய்ப்புண்டு. துலிகாவின் தமிழ்ப் படப் புத்தகங்கள் விலை கொஞ்சம் கூடுதல் என்றாலும் படம் நன்றாக இருக்கும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் பதிவிறக்கலாம், அச்செடுக்கலாம், வரிகளை மாற்றிக்கொள்ளவும் உரிமம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் சிறுநூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் இருக்கும். தலைமையாசிரியர் தெரிந்தவராக இருந்தால் "நுழை" நூல்களில் சிலதைக் கேட்டு வாங்குங்கள்.

எடுத்த புத்தகத்தை வீட்டில் மூன்று முறை சத்தமாக வாசியுங்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் வரியை உங்கள் பேச்சுக்கு மாற்றிவிடுங்கள். நம் மாவட்டத்தில் இது அவசியமான வேலை. புத்தகத்தில் பலாப்பழம் என்று இருக்கும், பிள்ளைக்கு அது சக்கை. மரவள்ளிக்கிழங்கு என்றால் முழிக்கும், மரச்சீனி என்றால் சிரிக்கும். ஓணான் இங்கே ஓந்தான், மிளகு நல்லமிளகு. விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் கலந்து பேசுகிற பிள்ளைகளும் இருப்பார்கள். என் வழக்கம் இதுதான்: முதல் முறை வீட்டுச் சொல், அடுத்த பக்கத்தில் புத்தகச் சொல், பிறகு இரண்டும் மாறி மாறி. "இது தப்பு, அப்படிச் சொல்லக்கூடாது" என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை அன்றைக்கு வாயைத் திறக்காது.

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டோம்?" என்று கேட்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் கதையின் நடுவில் இருக்கின்றன: "இப்ப கதவைத் திறந்தா யாரு நிப்பா?" "இவன் ஏன் இப்படி மூஞ்சிய வச்சிருக்கான்?" பக்கத்தைத் திருப்புமுன் மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பதில் அந்த இடைவெளியில்தான் வரும்.

40 நிமிடம் எப்படிப் போக வேண்டும்

ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டோடு தொடங்குங்கள். பிள்ளைகளின் பெயர் ஒவ்வொன்றாக அதில் வர வேண்டும். "யாரு வந்தா, யாரு வந்தா, வாசல் தாண்டி யாரு வந்தா? ஜெனி வந்தா, ஜெனி வந்தா, செருப்பக் கழட்டி ஜெனி வந்தா" என்று நாங்களே கட்டிக்கொண்டது இன்றும் ஓடுகிறது. இதற்கு 5 நிமிடம். பிறகு அன்றைய பொருளை ஒரு துணிப்பையிலிருந்து எடுத்துக் காட்டி, கையால் தொடவும் முகரவும் விடுவதற்கு 5 நிமிடம். முதல் கதை 8 நிமிடம். உடனே எழுப்பி நிறுத்தி ஆட்டம், 5 நிமிடம். இரண்டாம் கதை முதல் கதையைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், பலர் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள். மிச்ச நேரம் கைவேலைக்கு. கடைசியில் புத்தகம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு.

இனி சில பொருள்கள். எல்லாவற்றையும் ஒரே அளவு விரிக்கப்போவதில்லை. எனக்கு நன்றாக வாய்த்தவற்றைத்தான் நீட்டிச் சொல்கிறேன்.

கடல்

துணிப்பையில் சங்கு, சிப்பி, ஒரு துண்டு வலை, மிதவை. முதல் கதைக்குப் புத்தகம் கிடைக்காதபோது நான் கட்டிய கதை இது, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குட்டிச் சாளை கூட்டத்தைத் தவறவிட்டது. அயிலையிடம் கேட்கிறது, சூரையிடம் கேட்கிறது, திருக்கையிடம் கேட்கிறது: "எங்கூட்டத்தக் கண்டியா?" ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் சேர்ந்து சொல்ல வேண்டிய பதில், "காணலியே, காணலியே, கடலுக்குள்ள காணலியே!" கடைசியில் வெள்ளியாய் ஒரு மேகம் கடலுக்கடியில் வருகிறது, அதுதான் கூட்டம். மீன்களை அட்டையில் வெட்டி, பின்பக்கம் உப்புத்தாள் துண்டு ஒட்டி, பழைய கம்பளி விரித்த பலகையில் ஒட்டினால் நிற்கும். இந்தக் கம்பளிப் பலகையை ஒரு முறை செய்துவிட்டால் எல்லாப் பொருளுக்கும் உதவும்.

இதே கதையை உள்நாட்டு ஊரில் சொன்னபோது, சாளை தனியாகப் போன இடத்தில் ஒரு பையன் விசும்பினான். கடற்கரை ஊரில் சொன்னபோது ஐந்து வயதுக்காரன் ஒருவன், "கூட்டத்தோட புடிச்சா எவ்வளவுக்குப் போவும்?" என்று கேட்டான். இரண்டுமே நல்ல கவனிப்புதான்.

ஆட்டத்துக்கு ஒரு பழைய நீலச் சேலை. பிள்ளைகள் சுற்றிநின்று ஓரத்தைப் பிடிக்க, நடுவில் ஓலைப்பந்து ஒன்றைப் போட்டு, "கொண்டல்" என்றால் கிழக்குப் பக்கத்தார் உலுக்க வேண்டும், "கச்சான்" என்றால் மேற்குப் பக்கத்தார். கடற்கரைப் பிள்ளைகளுக்குக் காற்றின் பெயர் வீட்டிலேயே தெரிந்திருக்கும். மற்றவர்கள் அங்கே கற்றுக்கொள்வார்கள்.

கைவேலைக்கு மணல் ஓவியம். அட்டையில் தடித்த கோட்டில் மீன் வரைந்து, மைதாப் பசை தடவி, காயவைத்துச் சலித்த மணலைத் தூவிக் கவிழ்த்துத் தட்டினால் போதும். கன்னியாகுமரி கடைகளில் சிறு பாக்கெட்டில் விற்கும் பலநிற மணல் இதற்கு அருமை. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட் என்று பெரிய பிள்ளைகளிடம் சொல்லிவைக்கலாம். காந்தத் தூண்டில் விளையாட்டு பலர் செய்வது, நானும் செய்கிறேன். ஆனால் பொம்மைக் கடையில் கிடைக்கும் பொடிக் காந்தம் கூடவே கூடாது. இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். வாய்க்குள் போகாத அளவுள்ள பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் இறுக்கிக் கட்டுங்கள்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. நம் கடற்கரையில் 2004 சுனாமியும் 2017 ஒக்கிப் புயலும் பல வீடுகளில் இன்னும் முடியாத கதைகள். தாத்தாவோ பெரியப்பாவோ திரும்பி வராத வீட்டுப் பிள்ளை உங்கள் பாயில் உட்கார்ந்திருக்கலாம். படகு கவிழ்வது, அலை இழுத்துப்போவது உள்ள கதையை இந்த வயதுக்கு எடுக்காதீர்கள். பிள்ளையே பேச ஆரம்பித்தால் வாயை அடைக்கவும் வேண்டாம். கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

மழை

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் ஐப்பசியும் கார்த்திகையும்தான். நமக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு. அதனால்தான் வயலிலும் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல். மழைப் பொருளையும் வருடத்தில் இரண்டு முறை தாராளமாக வைக்கலாம். பள்ளி திறக்கும் ஜூனில் புதுக்குடையோடு வரும் பிள்ளைகளுக்கு அந்தக் குடைதான் அன்றைய பொருள்.

கையால் மழை பெய்விக்கலாம். உள்ளங்கைகளை உரசினால் தூரத்துக் காற்று. ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டினால் தூறல், இரண்டு விரல், நாலு விரல். தொடையில் அடித்தால் பெருமழை, காலை உதைத்தால் இடி. பிறகு அப்படியே திரும்பி வந்து உரசலில் முடிக்க வேண்டும். முடிகிற இடத்தில் அறை தானாக அமைதியாகிவிடும், அடுத்த கதையை உடனே தொடங்கிவிடுங்கள்.

கைவேலைக்குச் சேம்பிலை. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு ஓடும், பூவரச இலையில் விட்டால் அப்படி ஓடாது. எந்த இலையில் ஓடும், எதில் ஒட்டும் என்று பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லட்டும், பிறகு விட்டுப் பார்க்கட்டும். சேம்பின் தண்டு முறிந்த இடத்துப் பால் பட்டால் கை அரிக்கும். வீட்டிலேயே வெட்டிக் கழுவித் துடைத்துக் கொண்டுவாருங்கள்.

வாழை

நம் ஊருக்கே உரிய மட்டிப்பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழமும் நம் வீடுகளில் அதுதான். ஆக, இந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது பழைய சிநேகம். மட்டி, செந்துளுவன், பேயன், ஏத்தன் என்று நாலைந்து வகையை வாங்கி, கண்ணைக் கட்டி முகரவும் தின்னவும் விடுங்கள். பாயில் அன்றைக்குத் தகராறே வராது.

வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே கட்டம் கட்டமாக அறைகள் தெரியும். வண்ணத்தில் தொட்டுத் தாளில் அழுத்தினால் பிறை வடிவத்தில் ஜன்னல்கள் விழும். வெண்டைக்காயில் நட்சத்திரம் விழும். இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. அப்போதுதான் வெட்டிய மட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டேன். வண்ணம் துவைத்தால் போகும், வாழைக்கறை போகாது. ஒன்பது சட்டைகள். அடுத்த முறை ஆறு பிள்ளைகள்தான் வந்தார்கள், அவர்களும் கிழிந்த சட்டையில். முந்தின நாளே வெட்டித் தண்ணீரில் போட்டு, காலையில் துடைத்து எடுத்துவந்தால் கறை பெருமளவு குறையும். இருந்தாலும் "பழைய சட்டை போட்டு அனுப்புங்க" என்று அறிவிப்பில் எழுதிவிடுங்கள்.

பறவை

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வைத்தால் நல்லது, விருந்தாளிகள் வந்திருப்பார்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. பேருந்தில் போகும்போதே கூழைக்கடாவையும் நாரையையும் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பிள்ளைகளுக்காகப் பாட்டெழுதிய கவிமணி 1876-இல் பிறந்தது இதே தேரூரில்தான். பறவை நாளில் அவருடைய பாட்டு ஒன்றைச் சேர்க்க இதைவிடச் சாக்கு வேண்டுமா?

கைவேலை என்று ஒட்டி வெட்டாமல், அலகு விளையாட்டு விளையாடுங்கள். அகலமான ஒரு பேசினில் தண்ணீர், அதில் பொரி மிதக்கட்டும், அடியில் கூழாங்கல் கிடக்கட்டும். ஒருவர் கையில் குழிக்கரண்டி, அது கூழைக்கடா. ஒருவர் கையில் துணி மாட்டும் கிளிப், அது கொக்கு. ஒருவர் கையில் வடிகரண்டி. யாருக்கு எது அகப்படுகிறது? ஒரே அலகால் எல்லாவற்றையும் எடுக்க முடியாது என்பதை நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது.

மற்றவை சுருக்கமாக: பனை என்றால் நொங்கு வண்டியும் ஓலைக் காத்தாடியும். பூ என்றால் ஓணத்தை ஒட்டி அத்தப்பூ போடலாம். டிசம்பரில் நட்சத்திரம், ஊரே தொங்கவிட்டிருக்கும். பண்டிகையை ஒட்டி வைக்கும்போது விளக்கு, நட்சத்திரம், பிறை, பூ என்று பொருளையே பிடியுங்கள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காருகிற மாவட்டம் இது. மே மாதம் ஒருநாள் இருட்டிய பிறகு நிழல்பொம்மை வைக்கலாம். ஒரு வெள்ளை வேட்டி, பின்னால் ஒரு பல்பு, ஈர்க்கில் குச்சியில் ஒட்டிய அட்டை உருவங்கள். தோல்பாவைக்கூத்து இன்னும் ஆடுகிற மாவட்டத்தில் இதற்குப் பாட்டிகளிடமிருந்து தாராளமாக யோசனை வரும்.

புத்தகம் வீட்டுக்குப் போக வேண்டும்

கைவேலைப் பொருளை மட்டும் தூக்கிக்கொண்டு பிள்ளை வீட்டுக்குப் போனால் அன்றைய வேலை பாதிதான் முடிந்தது. பொருளுக்கு ஏற்ற ஏழெட்டுப் புத்தகங்களை முன்கூட்டியே எடுத்து, முகப்பு தெரியும்படி கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். முதுகு தெரிய அடுக்கிவைத்த புத்தகத்தை எழுத்து தெரியாத பிள்ளை எப்படித் தேர்ந்தெடுக்கும்? உறுப்பினர் படிவங்களை மேசையில் வைத்திருங்கள். அம்மா நிரப்பும் நேரத்தில் பிள்ளை தன் கையால் ஒன்றை எடுக்கட்டும். தலைகீழாகப் பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

திரும்பி வரும் புத்தகத்தில் மீன்குழம்பு இருக்கும், ஓரம் கடித்திருக்கும். அதற்காக ஒரு அட்டைப்பெட்டியில் "புத்தக ஆஸ்பத்திரி" என்று எழுதி வைத்தோம். கிழித்தவரே அடுத்த சனிக்கிழமை பத்து நிமிடம் முன்னால் வந்து, பெரிய பிள்ளை ஒருவரோடு உட்கார்ந்து, டிரேசிங் பேப்பரும் பசையும் வைத்து ஒட்டித் தர வேண்டும். செலோடேப் வேண்டாம், ஒரு வருடத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். போன மாதம் ஒருவன் கிழியாத புத்தகத்தோடு வந்து ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தான். "இதுக்கு என்ன?" என்று கேட்டேன். "காச்சலு" என்றான். நெற்றியில் ஒரு துண்டுத் தாளை நனைத்து வைத்து அனுப்பினோம்.